ஒரு கை போதும்! பட்டன் கத்திக்குக் கைவசம் சில குறிப்புகள்

டெக்சாஸ் பக்கம் குடித்தனம் செய்யும் நம்மவர் வீட்டு கராஜ்களில் சுத்தியல், ஸ்க்ரூடிரைவரோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பட்டனை முன்னால் தள்ளினால் பிடியின் வாய் வழியாக நேராக வெளியே பாய்ந்து, அதே பட்டனைப் பின்னால் இழுத்தால் உள்ளே போய்விடும் ஓ.டி.எஃப். (அவுட்-தி-ஃபிரன்ட்) கத்திதான் அது. பட்டன் கத்திக்கு இருந்த தடையை இந்த மாநிலம் 2013 செப்டம்பரில் நீக்கியது. அதிலிருந்து கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. பெயரைக் கேட்டதும் சினிமா வில்லன் நினைவுக்கு வரலாம். ஆனால் இடது கையில் பெட்டியைத் தாங்கிக்கொண்டு வலது கையால் டேப்பை அறுக்க வேண்டிய நேரத்தில் இதன் அருமை புரியும். புழங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டவற்றைத் தோழிகளுக்கும் தோழர்களுக்கும் சொல்கிறேன்.

1. வாரத்துக்கு ஒன்றிரண்டு பார்சல் மட்டும் வருகிற வீடு என்றால் சில டாலர் பாக்ஸ் கட்டரே தாராளம். காசை மிச்சம் பிடியுங்கள். பார்சல், தோட்டம், கராஜ் என்று ஒரே நாளில் பலமுறை கத்தியைத் திறந்து மூடுகிறவர்களுக்குத்தான் ஓ.டி.எஃப். போட்ட காசைத் திருப்பித் தரும்.

2. வாங்கும்போது ‘டபுள் ஆக்‌ஷன்’ என்று கேட்டு வாங்குங்கள். அதில்தான் ஒரே பட்டன் கத்தியை வெளியேயும் தள்ளும், உள்ளேயும் இழுக்கும். ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ வெளியே வேகமாகப் பாய்ந்தாலும், உள்ளே தள்ள இன்னொரு கை வேண்டும். வீட்டு வேலைக்கு அந்த ஒரு கை மிச்சமாவதுதானே முக்கியம்!

3. மூடிப் பாக்கெட்டில் போட்டால் தானாகப் பாய்ந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு விவரம். டபுள் ஆக்‌ஷன் கத்தி மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் ஸ்பிரிங் இழுபடாமல் ஓய்வாகவே இருக்கும்; நீங்கள் பட்டனைத் தள்ளும் அந்தத் தூரத்தில்தான் அது முறுக்கேறும், கடைசியில் விடுபட்டு பிளேடைத் தள்ளும். பட்டன் கொஞ்சம் கடினமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். அதனால் பட்டன் லேசாக இருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்காதீர்கள். நல்ல கத்தியின் பட்டன் கட்டைவிரலுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கத்தான் செய்யும்.

4. மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்காக வாங்குவதாக இருந்தால் ஆன்லைனில் ஆர்டர் போடாமல் கடைக்கே கூட்டிப்போங்கள். அவர்கள் கட்டைவிரலால் தொடர்ந்து சில முறை திறந்து மூட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அவர்களுக்குச் சாதாரண மடக்குக் கத்திதான் சுகம்.

5. இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இது நல்ல தேர்வு. பட்டன் பெரும்பாலும் பிடியின் ஓரத்திலோ நட்டநடுவிலோ இருப்பதால் எந்தக் கைக்கும் ஒத்துப்போகும். பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பை மறுபக்கம் மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. பிளேடு வடிவத்தில் மயங்க வேண்டாம். இரண்டு பக்கமும் கூர் உள்ள குத்துவாள் வடிவம் கண்ணாடி அலமாரியில் அழகாக இருக்கும், வீட்டு வேலைக்கு ஆகாது. முதுகில் விரல் வைத்து அழுத்த முடியாது, சில மாநிலங்களில் சட்டச் சிக்கலும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் கூராக, முதுகு மெல்ல வளைந்து முனைக்கு இறங்கும் ‘டிராப் பாயின்ட்’ வாங்குங்கள்.

7. பல் வைத்த கூர் கயிறு அறுக்க நன்றாக இருக்கும், ஆனால் வீட்டில் சாணை பிடிப்பது கஷ்டம். நேர்க்கூர் பிளேடே போதும். எந்தக் கல்லிலும் தீட்டிக்கொள்ளலாம்.

8. ஸ்டீல் பெயர்களைப் பார்த்துத் தலை சுற்றினால் இதை மட்டும் நினைவில் வையுங்கள். விலை குறைந்த கத்திகளில் வரும் டி2 ஸ்டீல் நாளெல்லாம் கூர் நிற்கும், ஈரம் பட்டால் துருப் புள்ளி விழும். எஸ்35விஎன், எம்390 போன்றவை துருவைத் தாங்கும், விலையும் ஏறும். ஹூஸ்டன் மாதிரி எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும் ஊரில் டி2 வாங்கினால் வாரம் ஒருமுறை துடைத்து வைக்கும் பொறுமை வேண்டும்.

9. 1994-ல் டோனி மார்ஃபியோன் தொடங்கிய மைக்ரோடெக் இந்த வகைக் கத்திக்கே பேர்போன நிறுவனம். பெஞ்ச்மேட் நிறுவனத்தின் ‘இன்ஃபிடெல்’ மாடலும் பலர் சொல்வது. இவற்றின் விலை நூற்றுக்கணக்கான டாலர். பெட்டி பிரிக்க அவ்வளவு தேவையில்லை, ஆனால் கத்திக் கண்காட்சி மேசையில் இதே பெயர் போட்டு அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் அது போலி என்று தாராளமாக முடிவு கட்டலாம். அதற்குப் பதில் பெயர் தெரியாத, ஆனால் நேர்மையான விலைக் கத்தியே மேல்.

10. சாணை பிடிப்பதே தொல்லை என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சாதாரண பாக்ஸ் கட்டர் பிளேடை மாட்டிக்கொள்ளும் ஓ.டி.எஃப். கத்திகளும் வருகின்றன. மழுங்கினால் பிளேடைத் திருப்பி மாட்டலாம், அதுவும் போனால் புதிது போடலாம். ஒரு பாக்கெட் பிளேடு வருடக்கணக்கில் வரும்.

11. வாங்கியதும் கடையிலேயே திறந்து, பிளேடை விரலிடுக்கில் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தால் குறை என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஓடிவர இடம் வேண்டுமே, அதனால் இந்த வகையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். லொடலொடவென்று சத்தம் கேட்கும் அளவுக்கு ஆடினால் வேறு எடுங்கள்.

12. திறக்கும்போது பட்டனைத் தயங்கித் தயங்கித் தள்ளாதீர்கள். பிடியை நன்றாக இறுக்கிப் பிடித்து, கட்டைவிரலால் ஒரே மூச்சில் கடைசிவரை தள்ளுங்கள். கடைசியில் விரல் தளர்ந்துவிட்டால் பிளேடு பாதி வழியில் நின்றுவிடக்கூடும்.

13. அப்படி நின்றுவிட்டால் கத்தி கெட்டுப்போயிற்று என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்! வரும் வழியில் ஏதாவது தடுத்தாலோ, உள்ளே தூசி சேர்ந்தாலோ பிளேடு கொக்கியிலிருந்து கழன்று தொளதொளவென்று நிற்கும். அது இந்த அமைப்பின் இயல்பு. தடித்த துணியால் பிளேடின் தட்டைப் பக்கங்களைப் பிடித்து, கூரில் விரல் படாமல், ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை மெதுவாக வெளியே இழுங்கள். அவ்வளவுதான், பழையபடி ஓடும். துணிக்குப் பதில் வாயில் டேப் சுற்றிய குறடும் கைகொடுக்கும்.

14. தடை வந்தால் பிளேடு நின்றுவிடும் என்று சொன்னேனே தவிர, விரலை வைத்துச் சோதித்துப் பார்த்துவிடாதீர்கள். நிற்பதற்குள் தோலைக் கிழிக்கும் வேகம் அதற்கு உண்டு. திறக்கும்போது வாய்ப்பக்கம் யாரும், எதுவும் இருக்கக் கூடாது.

15. இதைப் பாதி மட்டும் வெளியே எடுக்க முடியாது. திறந்தால் முழு பிளேடும் வந்துவிடும். ஊரிலிருந்து புடவையும் பட்டுப்பாவாடையும் வந்த பெட்டியை நட்டுக்குத்தலாகக் குத்தி அறுத்தால் மேலடுக்குத் துணி போய்விடும். கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, முனையின் கால் அங்குலம் மட்டும் டேப்புக்குள் போகும்படி இழுங்கள். பெட்டி நடுவில் இரண்டு மடிப்பும் சேரும் கோட்டை விட்டுவிட்டு, ஓரத்து டேப்பை முதலில் அறுத்துவிட்டால் நடுவே ஆழமாக இறக்க வேண்டிய தேவையே இருக்காது.

16. அரிசி மூட்டையைக் கத்தியால் கிழிக்க வேண்டாம். வாய்த் தையலின் ஓரத்தில் நூலை மட்டும் கத்தி முனையால் நறுக்கி, இரண்டு நூலையும் பிரித்து இழுத்தால் சரசரவென்று முழுத் தையலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். வரவில்லை என்றால் எதிர் ஓரத்திலிருந்து இழுங்கள். சங்கிலித் தையல் ஒரு பக்கமிருந்துதான் அவிழும். பை கிழியாமல் இருக்கும், நூலும் தோட்டத்துக்கு ஆகும்.

17. தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்கும்போதுதான் இந்தக் கத்தியின் முழு சௌகரியமும் தெரியும். ஒரு கை சாய்ந்த தண்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். மறு கையால் கத்தியை எடுத்து, திறந்து, சணல் கயிற்றை நறுக்கி, மூடி, திரும்பப் பாக்கெட்டில் போட்டுவிடலாம். தண்டை ஒரு நிமிடம்கூட விட வேண்டாம். உர மூட்டை, மண் மூட்டை திறக்கவும் இதே வசதி.

18. ஆனால் கிளை நறுக்க இதை எடுக்காதீர்கள். கறிவேப்பிலை, செம்பருத்தி என்று எதை வெட்டினாலும் சாறு பிளேடில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விடும், காய்ந்தால் பசை. அதற்குத் தோட்டக் கத்தரிக்கோல் தனியாக இருக்கட்டும்.

19. சமையலுக்கும் ஆகாது. பழமோ, சீஸோ, வெங்காயமோ நறுக்கி உள்ளே இழுத்தால் அந்த ஈரம் பிடிக்குள்ளேயே தங்கும். நாம் கழுவ முடியாத இடத்தில் அது ஊறும். பிக்னிக்குக்கு ஒரு சின்னப் பழக் கத்தியைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் மெஷினில் போடுவது அறவே கூடாது.

20. ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கார் இருக்கைக்கு அடியில் என்று கை மட்டும் நுழையும் இடத்தில் ஏதாவது நறுக்க வேண்டியிருந்தால் இதுதான் லாயக்கு. மடக்குக் கத்தி அரைவட்டமாகச் சுழன்று திறக்க இடம் கேட்கும். இது நேராக வருவதால் பிடியின் அகலமே போதும்.

21. கொலுப்படி கட்டும்போதும் தோரணம் மாட்டும்போதும் ஏணியில் நிற்கிறவர் கையில் இந்தக் கத்தி இருந்தால் கீழே நிற்கிறவரிடம் ‘அதை எடு, இதைக் கொடு’ என்று கேட்க வேண்டாம். வேலை முடிந்து ஸிப் டைகளை நீக்க மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். பிளாஸ்டிக் பட்டை சட்டென்று அறுபடும்போது கத்தி வழுக்கிப் பாயும். சின்ன வயர் கட்டர் போதும்.

22. பெயின்ட் டப்பா மூடியை நெம்ப, ஆணியைக் கிளப்ப இதை எடுக்கவே எடுக்காதீர்கள். பிளேடு ஒரு மெல்லிய பாதையில் ஓடுகிறது. பக்கவாட்டில் நெம்பினால் முனை உடையும், அல்லது பாதை வளைந்து கத்தியே உள்ளே போக மறுக்கும். பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை நெம்புவதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

23. டேப் பசை பிளேடில் ஒட்டிக் கருப்பாகத் திட்டுத் திட்டாக நிற்கும். பஞ்சில் ரப்பிங் ஆல்கஹால் தொட்டு, முதுகிலிருந்து கூரை நோக்கித் துடையுங்கள். துடைக்காமல் உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பசையை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்; பாதி ரிப்பேருக்கு இதுதான் காரணம்.

24. வீட்டில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய் என்பது நம் வழக்கம். பசையைத் துடைக்க வெளியில் தடவலாம், தவறில்லை. ஆனால் கத்தியின் உள்ளே ஒரு சொட்டுகூட விடாதீர்கள். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். டிசம்பரில் கராஜில் கிடக்கும் கத்திக்குள் அது வெள்ளையாகக் கெட்டிப்பட்டு, பட்டனைத் தள்ளினால் பிளேடு நத்தை மாதிரி நகரும். நல்லெண்ணெயும் வேண்டாம், நாளாக ஆகப் பிசின் பிடிக்கும்.

25. உள்ளே விட ஏற்றது தையல் மெஷின் எண்ணெய். ஊரிலிருந்து கொண்டுவந்த சின்னக் குப்பி எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். கத்தியைத் திறந்து, வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, பிளேடை ஒட்டி ஒரே ஒரு சொட்டு விட்டு, சில முறை திறந்து மூடுங்கள். ஒரு சொட்டுக்கு மேல் விட்டால் பாக்கெட் பஞ்சையெல்லாம் பிடித்து இழுத்துச் சேர்த்துக்கொள்ளும்.

26. எண்ணெய் விடுவதற்கு முன் தூசி போக வேண்டும். கம்ப்யூட்டர் கீபோர்டு சுத்தம் செய்யும் காற்று டப்பாவின் மெல்லிய குழாயை வாயில் வைத்து, கத்தி திறந்த நிலையில் ஒருமுறை, மூடிய நிலையில் ஒருமுறை ஊதுங்கள். துணிப்பஞ்சு உருண்டை உருண்டையாக வெளியே வரும், பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

27. காற்றுக்கு மசியாத பிசுபிசுப்புக்கு லைட்டர் திரவத்தைச் சில சொட்டு உள்ளே விட்டு, திறந்து மூடி, கவிழ்த்து வைத்தால் அழுக்குக் கரைந்து வெளியேறும். இதை வீட்டுக்கு வெளியே, அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் இல்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகு மறக்காமல் எண்ணெய்ச் சொட்டு.

28. ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஸ்பிரிங் துள்ளி ஓடினால் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது போய்விடும். கழற்றியது தெரிந்தால் நிறுவனங்கள் பலவும் வாரன்டியை மறுத்துவிடும். ரசீதையும் பெட்டியையும் பத்திரப்படுத்தி, நிறுவனத்துக்கே அனுப்பிச் சரிசெய்து வாங்குவது மலிவு.

29. வாஷிங் மெஷினில் போய்விட்டால் பதற வேண்டாம். திறந்து, வாய் கீழே பார்க்க உதறி, மின்விசிறிக் காற்றில் இரவு முழுக்க வையுங்கள்; மறுநாள் காற்று டப்பா, பிறகு எண்ணெய். சோப்பு நுரை உள்ளே காய்ந்திருந்தால் பட்டன் கரகரக்கும், அப்போது முன் சொன்ன லைட்டர் திரவக் குளியல் கொடுங்கள்.

30. வைட்டமின் மாத்திரை டப்பாவிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் கத்தி வைக்கும் டப்பாவில் போடுங்கள். தோல் உறையில் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். தோல் ஈரம் இழுத்து வைத்துக்கொண்டு துருவை வரவழைக்கும்.

31. மழுங்கியிருக்கிறதா என்று அறிய விரலைத் தடவ வேண்டாம். இந்தியக் கடையில் கொடுக்கும் விளம்பரத்தாளைத் தொங்கவிட்டுப் பிடித்து, ஓரத்திலிருந்து கத்தியை இறக்குங்கள். சர்ரென்று போனால் சரி; எங்கே சிக்கிக் கிழிக்கிறதோ அந்த இடம் மழுங்கியிருக்கிறது.

32. சாணைக் கல்லில் எந்தச் சாய்வில் பிடிப்பது என்று குழம்புகிறவர்களுக்குக் காகிதமே அளவுகோல். காகிதத்தின் ஒரு மூலை 90 டிகிரி. அதை ஒரு முறை மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் 22.5. அந்த மடிப்பைக் கல்லின் மேல் நிறுத்தி, அதற்குக் கொஞ்சம் தாழ்வாகப் பிளேடைச் சாய்த்தால் ஏறத்தாழ 20 டிகிரி வந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் அதனிடமே மடிக்கச் சொல்லுங்கள், கணக்குப் பாடமும் ஆயிற்று!

33. சாய்வு சரியா என்று பார்க்க, கூரின் ஓரம் முழுவதும் கருப்பு மார்க்கரால் தீட்டிவிட்டு, கல்லில் இரண்டு இழுப்பு இழுங்கள். மை ஒரே சீராகப் போயிருந்தால் சாய்வு சரி. முதுகுப் பக்கம் மட்டும் போயிருந்தால் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். நுனியில் மட்டும் போயிருந்தால் தாழ்த்துங்கள்.

34. கல் இல்லாவிட்டால் காபி கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்புப் பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் இருபுறமும் மாற்றி மாற்றி இழுத்தாலே அன்றைய வேலைக்கு வேண்டிய கூர் வரும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் கூரைப் பின்னோக்கி இழுத்து முடியுங்கள்.

35. தீட்டத் தொடங்கும் முன் கத்தியின் வாயைச் சுற்றி பெயின்டர் டேப்பை ஒட்டிவிடுங்கள். கல்லிலிருந்து வரும் பொடி உள்ளே போகாது. தீட்டும்போது பிளேடின் இயல்பான ஆட்டம் தொந்தரவு செய்தால், பிடியைத் தொங்கவிடாமல் மேசை விளிம்பில் அணைத்துக்கொள்ளுங்கள்.

36. பல கத்திகளில் பிடியின் பின்முனையில் கூராக ஒரு மொட்டு இருக்கும். அவசரத்தில் கார் கண்ணாடியை உடைக்க அது உதவும். பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும், நடுவில் அடித்தால் சீக்கிரம் உடையாது. சில கார்களில் பக்கக் கண்ணாடியும் முன்கண்ணாடி போலப் படலம் வைத்தது. அது இந்த அடிக்கு உடைந்து விழாது, உங்கள் காரில் எது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சீட் பெல்ட் அறுக்க மட்டும் கத்தியின் கூர்முனையை உடம்பருகே கொண்டுபோகாதீர்கள். கொக்கி வடிவ பெல்ட் கட்டர் தனியாகச் சில டாலருக்குக் கிடைக்கிறது.

37. அதே மொட்டு பாக்கெட்டில் செல்போன் திரையைக் கீறிவிடும். கத்திக்கு ஒரு பாக்கெட், போனுக்கு ஒரு பாக்கெட். சுடிதார், புடவை என்று பாக்கெட்டே இல்லாதவர்கள் தோட்ட ஏப்ரன் ஒன்றில் கிளிப்பை மாட்டி வைத்துவிட்டால் தேட வேண்டியதே இல்லை.

38. ‘க்ளிக், க்ளிக்’ என்று சும்மா திறந்து மூடிக்கொண்டே இருக்கத் தோன்றும். அந்தச் சத்தத்துக்கு அப்படியொரு ருசி. ஸ்பிரிங்குக்கும் ஆயுள் உண்டு, அதோடு பார்க்கும் பிள்ளைக்கு அது விளையாட்டுச் சாமானாகவே தெரியும். சின்னக் குழந்தையால் பட்டனைத் தள்ள முடியாது என்று நம்பி மேசையில் வைக்காதீர்கள். பூட்டும் பெட்டிதான் அதற்கு இடம்.

39. இன்னொருவரிடம் கொடுக்கும்போது மூடிய நிலையில், மேசைமேல் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊசியைக் கையில் கொடுக்கக் கூடாது என்று பாட்டி சொல்வாரே, அந்தப் பழக்கம் இதற்கும் நன்றாகப் பொருந்தும்.

40. வாங்கும் முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். டெக்சாஸில் செல்வது எங்கும் செல்லும் என்று எண்ண வேண்டாம். கலிஃபோர்னியாவில் வெளியே கொண்டுபோகவும் விற்கவும் பிளேடு 2 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். நியூஜெர்ஸியில் தகுந்த காரணம் காட்ட முடியாமல் வைத்திருந்தால் குற்றம். மாசசூசெட்ஸில் இருந்த தடையை 2024-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வீடு மாறி வேறு மாநிலம் போகிறவர்கள் சாமான் கட்டும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

41. அமெரிக்க மத்திய அரசின் சட்டம் 1958-லிருந்து இருக்கிறது. பட்டன் கத்தியை மாநிலம் விட்டு மாநிலம் வியாபாரம் செய்வதை அது கட்டுப்படுத்துகிறது. தபால் அலுவலகமும் சாதாரண மக்களுக்கு இதை அனுப்பித் தராது, அதனால் கல்லூரியில் இருக்கும் பிள்ளைக்குப் பார்சல் கட்டிவிடாதீர்கள்; விடுதிகள் பலவும் அனுமதிப்பதும் இல்லை. அந்தச் சட்டத்திலேயே எனக்குப் பிடித்த ஒரு விலக்கு உண்டு: ஒரு கை மட்டுமே உள்ளவர் 3 அங்குலம் வரை பிளேடு உள்ள பட்டன் கத்தியை வைத்துக்கொள்ளலாம். ஒரு கையால் திறக்க முடிவது யாருக்கு எவ்வளவு அவசியம் என்று சட்டம் எழுதியவர்களே உணர்ந்திருக்கிறார்கள் பாருங்கள்.

42. கிரீன் கார்டுக்குக் கைரேகை கொடுக்கப் போகும் நாளில், நீதிமன்றத்துக்கு ஜூரியாகப் போகும் நாளில் பையையும் பாக்கெட்டையும் வீட்டிலேயே சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் மாட்டினால் வேலையும் கெடும், கத்தியும் போகும். பள்ளிக்கூட வளாகம், கோவில் என்றாலும் வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் மரியாதை.

43. டொரான்டோவில் அத்தை வீடு, சித்தப்பா வீடு என்று காரில் எல்லை தாண்டுகிறவர்கள் டேஷ்போர்டுப் பெட்டியைக் கண்டிப்பாகப் பாருங்கள். கனடாவில் பட்டன் அழுத்தத் திறக்கும் கத்தி தடை செய்யப்பட்ட ஆயுதம். மறந்துவிட்டேன் என்பது எல்லையில் எடுபடாது. பிரிட்டனிலும் 1959-லிருந்தே விற்பனைக்குத் தடை, 2021-லிருந்து இங்கிலாந்து, வேல்ஸில் வீட்டுக்குள் வைத்திருக்கவும் தடை.

44. விமானத்தில் கைப்பைக்குள் கூடவே கூடாது. இந்தியா போகும்போது பெட்டியிலும் வைக்காமல் வீட்டிலேயே விட்டுப் போங்கள். டெல்லியில் 1980-லிருந்து, 7.62 செ.மீ. நீளத்துக்கும் 1.72 செ.மீ. அகலத்துக்கும் மேற்பட்ட பட்டன் கத்திக்கு ஆயுதச் சட்டத்தின் கீழ் தனிக் கட்டுப்பாடே இருக்கிறது. ஊரில் தேங்காய் நாரை அறுக்க அரிவாள்மனை இருக்கவே இருக்கிறது!

45. சாலையில் போலீஸ் காரை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டீயரிங் மேலேயே இருக்கட்டும். கத்தி இருக்கிறதா என்று கேட்டால் வாயால் சொல்லுங்கள். எடுத்துக் காட்டுகிறேன் என்று பாக்கெட்டில் கை விடாதீர்கள்.

46. கராஜில் கத்திக்கென்று ஒரு பழைய பிஸ்கட் டப்பா போட்டுவிடுங்கள். தையல் மெஷின் எண்ணெய், ஆல்கஹால், பஞ்சு, பெயின்டர் டேப், மார்க்கர், சிலிக்கா பொட்டலம் எல்லாம் அதற்குள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும் நேரத்தில் சுத்தம், எண்ணெய், தீட்டு மூன்றும் முடிந்துவிடும்.

47. பண்டிகைக்கு நண்பர் யாருக்காவது பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் பெட்டிமேல் ஒரு சென்ட் காசை ஒட்டிக் கொடுங்கள். வாங்கியவர் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்து, கத்தியை விலைக்கு வாங்கியதாக ஆக்கிக்கொள்வது இந்த ஊர்ப் பழக்கம். நட்பு அறுபடாது என்பது நம்பிக்கை. கூடவே ஒரு குப்பி தையல் மெஷின் எண்ணெயும் வைத்தால் உபயோகமாக இருக்கும்.